கொடி எழுத்து

பலகை எழுதும் கடை திறந்த பிறகு அவளுக்கு வந்த முதல் ஆர்டர் அது. எழுதவேண்டியது வந்தவரின் பெயர் மட்டும்தான். ஆனால் கொடி மாதிரி வளைந்து பின்னுகிற எழுத்துதான் வேண்டும் என்று மனுஷர் ஒற்றைக்காலில் நின்றார்.

“கல்யாணப் பத்திரிகைக்கு இது அழகா இருக்கும் சார். தெருவுல மாட்டினா ஒருத்தராலயும் படிக்க முடியாது.”

“இன்னும் மெலிசாக்கும்மா. அந்த வாலை இழுத்து அடுத்த எழுத்துல மாட்டு.”

“பூனை கையில சிக்கின நூல்கண்டு மாதிரி இருக்கு சார்.”

“அப்படியே இருக்கட்டும்.”

பலகையை மாட்டிய மறுநாள் அவர் இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். பலகைக்குக் கீழே ஒரு கூட்டமே அண்ணாந்து நின்றது. ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டையே போட்டார்கள்.

“உனக்குத் தெரியுதா?”

“தெரியாம என்ன? முதல்ல நீங்க படிங்க.”

பலகையின் மூலையில் அவள் கடைப் பெயரும் இருந்தது. மானம் போகிறதே என்று உள்ளே ஓடினாள்.

“கழட்டிடறேன் சார். வேற எழுதித் தரேன், காசே வேண்டாம்.”

“எதுக்கும்மா? காலையிலேருந்து அண்ணாந்து பார்த்தவங்க எல்லாம் உள்ள வந்து உட்கார்ந்திருக்காங்க. சரி, நீ படிச்சிடுவியா?”

வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“எழுதின எனக்கே தெரியலயே சார்.”

“அடடா,” என்று அவர் பரிவோடு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “தாடையை இந்த மெஷின்மேல வை. எந்தக் கண்ணும்மா ரொம்ப மங்கலா இருக்கு?”