என் பேரைப் போடுங்க

“என் பேரைத்தான் போடணும். ஊரு, அப்பன் பேரு எல்லாம் சேத்து.”

தனபாக்கியம் இப்படிச் சொன்னதும் ராயப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது. பதினோரு கொலைப் புத்தகம் எழுதியவர். ஒவ்வொரு அட்டையிலும் ‘உண்மைச் சம்பவம்’ என்று போட்டு, பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் தானே கூவி விற்று மேலே வந்த ஆள். பேரைப் போடாதீங்க என்று காலில் விழுந்தவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடிப்பெருக்கு அன்றைக்கு, நெய்வேலி நிலக்கரி மைன்ஸ் ஓரத்தில் இருந்த தன் குடிசையில் இவள் புருஷன் ராஜாங்கம் காண்ட்ராக்ட் மேஸ்திரியைக் கடப்பாறையால் அடித்துக் கொன்றான். கோர்ட்டில் “நான்தான் செஞ்சேன்” என்றதோடு சரி. ஏன் என்று கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஆயுள் தண்டனை.

அந்த ‘ஏன்’ இல்லாமல் புத்தகம் ஏது? சொந்த நாட்டுக்குக் கிளம்பிய வெள்ளைக்கார இன்ஜினீயரிடம் மல்லுக்கட்டி வாங்கிய டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு, நெய்வேலியில் அவள் தம்பியின் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார்.

மெஷினைச் சோதிக்க, ஏதாவது பேசச் சொன்னார். மடியில் கிடந்த பிள்ளையைப் பற்றி அவள் என்னவோ சொன்னாள். ராயப்பன் கவனம் பூராவும் சுற்றுகிற டேப்பின் மேல்.

தண்ணீர் கொண்டுவந்த வயசுக்கு வந்த மகளை “உள்ள போடி” என்று விரட்டிவிட்டு, கூசாமல் ஆரம்பித்தாள்.

“மேஸ்திரிக்கும் எனக்கும் பழக்கம். அன்னிக்கி ரெண்டு பேரையும் வூட்டுல பாத்துட்டாரு. அதான் அடிச்சிட்டாரு.”

“பொண்ணை வச்சிக்கினு இதைச் சொல்ல வெக்கமா இல்லையாம்மா?”

“ஊர்ல ஆளுக்கொண்ணு பேசிக்கினு கெடக்கறாங்க. அச்சுல வந்துட்டா வாயை மூடிக்குவாங்க, இல்லீங்களா?”

என்ன ஜென்மமோ! வாசலைத் தாண்டியதும் ராயப்பன் காறித் துப்பினார்.

மறுநாள் பண்ருட்டி அச்சாபீஸில் உட்கார்ந்து டேப்பை முதலிலிருந்து ஓடவிட்டார்.

“இவனப் பத்தியே சொல்றேங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஆடிப்பெருக்குக்கு மொத நாளு கடலூர் ஆஸ்பத்திரியில பொறந்தான். பத்து நாளு அங்கியே படுத்துக் கெடந்தேன்.”

மெஷினை நிறுத்தினார். நோட்டைப் புரட்டிக் கொலை நடந்த தேதியை இன்னொரு தரம் பார்த்தார்.

அன்றைக்குக் குடிசையில் இருந்தவள் இவளில்லை.

தலை நிமிராமல் சொம்பை வைத்துவிட்டுப் போன பெண் கண்முன் வந்தாள். அந்தக் குடிசை வரிசையை மைன்ஸ் எப்போதோ விழுங்கிவிட்டது. அங்கே இருந்தவர்களும் திசைக்கொருவராய்ப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த சாட்சி இந்த டேப்தான்.

ராயப்பன் அந்தப் பேச்சை மட்டும் அழித்தார்.

“அட்டையில வழக்கம்போல ‘உண்மைச் சம்பவம்’தானுங்களே?” என்று கேட்டான் எழுத்துக் கோக்கிற குஞ்சிதபாதம்.

“வழக்கம்போல வேணாம்யா. இந்தத் தடவை இன்னும் பெரிய எழுத்தாப் போடு.”