பித்தளை பிரிட்ஜ்

"ஓஸ்மோ அஞ்சு தடவை வாசிப்பான். அஞ்சையும் சரியாச் சொல்லணும். ஒண்ணு தப்பினாலும் சனிக்கிழமை மேடையில நீ இல்ல, வெய்க்கோ!"

பாடகி ரைலி கறாராகச் சொல்லிவிட்டு ஏலக்காய் ரொட்டியைக் கடித்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த வெய்க்கோ, "ம், பார்க்கலாம்" என்றார்.

ஓஸ்மோவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தம்பரே நகரில் முப்பது வருடமாகக் கிடார் பழுது பார்ப்பவர் அவர்; மூவரும் கூடியிருந்ததும் அவர் பட்டறையில்தான். ஏரிக்கரை நடன மேடையில் நடுக்கோடை விழாவுக்கு வருடம் தவறாமல் வாசிக்கும் குழு ரைலியுடையது. அதில் வெய்க்கோதான் கிடார். இரண்டு மாதமாக வெய்க்கோவின் வாசிப்பில் சுரங்கள் கண்டபடி தடம் புரண்டன. "உனக்குக் காது போச்சு" என்றார் ரைலி. "காது இல்ல, கிடார் பிரிட்ஜ்தான் கோளாறு" என்று சாதித்தார் வெய்க்கோ.

கிடாரின் உடம்பில் தந்திகள் வந்து உட்காரும் அந்தப் பட்டையைப் போன வாரம்தான் ஓஸ்மோ மாற்றிக் கொடுத்திருந்தார். பழைய தகரப் பிரிட்ஜை எடுத்துவிட்டு, கனமான பித்தளை ஒன்று.

"இப்பப் பாரு, ஒரு சுரத்தைத் தட்டினா நின்னு பேசுது" என்று வெய்க்கோ பூரித்துப் போனார்.

"மண்ணாங்கட்டி!" என்றார் ஓஸ்மோ. "அது தகரம், இது பித்தளை, அவ்வளவுதான். சத்தத்துல துளி வித்தியாசம் கிடையாது. எல்லாம் மனப்பிரமை. வித்தியாசம் இருந்தா என் திருப்புளியை நானே முழுங்கறேன்."

அதைப் பிடித்துக்கொண்டார் ரைலி. ஓஸ்மோவிடமும் அதே ரகத்தில், தகரப் பிரிட்ஜோடு ஒரு கிடார் இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்க வேண்டியது. எது எது என்று சொல்லிவிட்டால் வெய்க்கோவின் காது நல்ல காது. சொல்லாவிட்டால், துர்க்கு நகரிலிருந்து வேறொரு ஆள் வரத் தயாராக இருந்தான்.

கிடார்களை மறைக்க ஓஸ்மோ ஒரு படுக்கை விரிப்பைக் கயிற்றில் தொங்கவிட்டார். கொஞ்சம் குட்டைதான், ஆனால் கிடார் மறைந்தால் போதாதா?

"விரிப்பை விடு ஓஸ்மோ, இந்தக் காலுறையை எப்பத்தான் தைக்கப் போற? கட்டைவிரல் ஊர் பார்க்குது" என்றார் ரைலி. வாசலில் கழற்றிப் போட்ட மூன்று ஜோடி காலணிகளில் ஓஸ்மோவுடையதுதான் படுமோசம் என்றும் சொன்னார்.

எந்த வரிசையில் வாசிக்க வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினார். ஓஸ்மோ விரிப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெய்க்கோ ஜெயித்தால் தன் வாய்க்கு அவமானம். தோற்றால் நண்பனுக்கு மேடை போச்சு. இரண்டில் எது பரவாயில்லை என்று அவருக்கே தெரியவில்லை.

"ஆரம்பிக்கட்டுமாடா?"

பதில் இல்லை.

"அவன் தயாராத்தான் இருக்கான், நீ வாசி" என்றார் ரைலி.

ஒரு டாங்கோ நடன மெட்டில் நாலு வரி வாசித்தார் ஓஸ்மோ.

"பழசு" என்றார் வெய்க்கோ.

அடுத்தது. "புதுசு."

மூன்றாவது. "பழசு."

நாலாவதுக்கும் காகிதத்தில் பழசு என்றுதான் இருந்தது. ஆளைக் கவிழ்க்க ரைலி போட்ட திட்டம். ஓஸ்மோ தன் பங்குக்குத் தந்திகளைக் கூடுதலாக அழுத்திக் கணீரென்று வாசித்தார்.

"மறுபடியும் பழசுதான். யார்கிட்ட வேலையைக் காட்டறீங்க?"

ஓஸ்மோ ஐந்தாவதை வாசித்து முடிப்பதற்குள்ளேயே அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "புதுசு!"

ரைலி எழுந்து போய் வெய்க்கோவின் தோளைத் தட்டினார். "என்னை மன்னிச்சுடுப்பா. ஓஸ்மோ, நீ பார்க்கணுமே, ஆள் நிமிரவே இல்ல. சர்ச்சுல உட்கார்ந்த மாதிரி தலையைத் தொங்கப்போட்டு அவ்வளவு கவனமாக் கேட்டான். திருப்புளிக்கு உப்பு வேணுமா?"

"கொண்டா, முழுங்கித் தொலைக்கறேன்" என்றார் ஓஸ்மோ. தோற்றதில் உள்ளூர சந்தோஷம்தான்.

ரைலி சைக்கிளில் கிளம்பினார். "தந்தியை மாத்தி வை, வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்" என்று கிடாரை விட்டுவிட்டு வெய்க்கோவும் வெளியேறினார்.

ஓஸ்மோ தனியாக உட்கார்ந்து அந்தப் பித்தளை பிரிட்ஜ் கிடாரை மடியில் வைத்து வாசித்துப் பார்த்தார். துளி வித்தியாசம் தெரியவில்லை. இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படிக் கேட்டது?

திறந்திருந்த ஜன்னல் வழியே, தெருவில் காரோடு காத்திருந்த வெய்க்கோவின் மனைவி அன்னெலியின் குரல் கேட்டது. கேட்டது என்ன, தெருவே கேட்கும்படி கத்தினார்.

"காது மெஷின் ரெண்டையும் காப்பி மேசை மேலயே விட்டுட்டு வந்திருக்க! அது இல்லாம உனக்கு இடிச் சத்தத்துக்கும் டிரம்முக்குமே வித்தியாசம் தெரியாதே, எப்படி ஜெயிச்ச?"

வெய்க்கோவும் பதிலுக்குக் கத்தினார், காது கேட்காதவர்கள் கத்துகிற மாதிரியே. "நான் எங்கே கேட்டேன்? விரிப்புக்குக் கீழே பார்த்துக்கிட்டு இருந்தேன்! நல்ல சத்தம்னா ஓஸ்மோவுக்குக் கால் தானா ஆடும். பழசை வாசிச்சா அவன் கட்டைவிரல் சும்மா கிடக்குது, புதுசை வாசிச்சா எழுந்து ஆடுது!"

ஓஸ்மோ மெதுவாகக் குனிந்து பார்த்தார். காலுறையின் ஓட்டை வழியே தலையை நீட்டிக்கொண்டு, கட்டைவிரல் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.