இரண்டாம் பாகம்தான் திறம்

"என்ன இருந்தாலும் இரண்டாம் பாகம்தான் திறம்" எண்டு சொன்னா பரமநாதன்ரை மனுசி ராசமலர்.

குடிச்சுக்கொண்டிருந்த தேத்தண்ணி எனக்குப் புரைக்கேறிப் போச்சு.

வேறை ஆற்றையும் வீடெண்டால் பரவாயில்லை. இது பரமநாதன்ரை வீடு. ஒஸ்லோவிலை இருக்கிற தமிழருக்குள்ளை விண்வெளிப் படத்துக்கு அவனைப்போல ஒரு விசரன் கிடையாது. பிறந்தநாள் விழாவிலை ஆளைப் பிடிச்சு வைச்சுக் கதைக்கத் தொடங்கினானெண்டால், கேக் வெட்டி முடிஞ்சாலும் விடமாட்டான்.

"படமெண்டால் ஒருக்கா முடியவேணும் மச்சான். முடிஞ்ச கதைக்கு இரண்டாம் பாகம் எடுக்கிறது, செத்தவனுக்குச் சோறு தீத்திற மாதிரி" எண்டுவான்.

"அப்ப ரீவித் தொடர்?"

"அது வேறை. ஆக்களோடை பழகக் கிழமைக்குக் கிழமை நேரம் தாறாங்கள். ஆனால் மூண்டு வருசத்தோடை நிப்பாட்டிப்போட வேணும். அதுக்குப் பிறகு எந்தக் கிரகத்திலை இறங்கினாலும் அதே மணல்கிடங்குதான்!"

அப்பிடிக் கதைச்ச மனுசன், மாசியிலை ஸ்ரோக் வந்து விழுந்தவன். கை கால் தப்பிவிட்டுது. பேச்சுத்தான் போச்சு. சொல்லெல்லாம் உள்ளுக்கை கிடக்கு, வெளியிலை வருகுதில்லை. பேச்சுப் பழக்கிற லோகோபெட் பொம்பிளை, "இப்ப கதைக்கப் பண்ணாட்டில் பிறகு கஷ்டம்" எண்டு சொல்லிப்போட்டாவாம்.

கூட்டாளிமார் நாங்கள் மாறி மாறி வெஸ்ட்லியிலை இருக்கிற வீட்டுக்கு அவனைப் பாக்கப் போவம். தோடம்பழம், மால்ற் மா எல்லாம் கொண்டுதான். வருத்தக்காரனோடை வாதாடக்கூடாதெல்லோ. அவன் "ம்" எண்டால், "ஓம் மச்சான், ஓம்" எண்டு தலையாட்டிப்போட்டு வந்திடுவம்.

அண்டைக்கு நான் போகேக்கை, ராசமலர் ஒரு விண்வெளிப் படத்தின்ரை அந்தக் கண்றாவி இரண்டாம் பாகத்தை டீவீடியிலை போட்டுவிட்டிருந்தா.

முதல் பாகத்திலை, கப்பலிலை எல்லாருக்கும் காத்துக் காணாதெண்டு கப்ரன் மற்றவையை அனுப்பிப்போட்டு, தான் மட்டும் கிரகத்திலை நிண்டிடுவான். அது பரமநாதன்ரை உயிர். இரண்டாம் பாகத்திலை என்னெண்டால், நிண்டது கப்ரன் இல்லையாம். கப்ரனைப்போலச் செய்த மெசினாம்! இரண்டாயிரத்து மூண்டிலை இது தியேட்டருக்கு வந்த நேரம், பரமநாதன் பாதியிலை எழும்பி, ஸ்ரேசன் வரைக்கும் பேசிப் பேசி நடந்தவன்.

"பாருங்கோ அண்ணை, மெசினெண்டு காட்டினது எவ்வளவு நல்லாயிருக்கு. முதல் பாகத்திலை சும்மா சனத்தை அழப்பண்ணினதுதான் மிச்சம்" எண்டு ராசமலர் பிறகும் தொடங்கினா.

பரமநாதன் கதிரையிலை நிமிந்தான்.

"இ... இல்லை."

"என்ன இல்லை?"

"அவன்... மெசின்... இல்லை."

"மெசின்தான். படம் எடுத்தவங்களே சொல்லுறாங்கள். உங்களுக்குத்தான் விளங்கேல்லை."

விளங்கேல்லையாம்! ஆரிட்டை ஆர் சொல்லுறது! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"தங்கச்சி, ஏலாத மனுசனை ஏன் இப்பிடிக் கொதிக்கப் பண்ணுறியள்? உதை நிப்பாட்டுங்கோ."

அவ என்னைத் திரும்பியும் பாக்கேல்லை. அவன்ரை வாயையே பாத்துக்கொண்டு நிண்டா.

"மெசினுக்கு... பயம்... வராது" எண்டான் பரமநாதன். நெத்தியெல்லாம் வேர்வை. "அவன்... பயந்தவன். பயந்துகொண்டுதான்... நிண்டவன். மெசினெண்டால்... அதிலை... என்ன பெருமை?"

ராசமலர் சட்டெண்டு குசினிக்குள்ளை போயிட்டா.

விட்டேனா? தேத்தண்ணிக் கோப்பையோடை பின்னாலை போனன். நல்லா நாலு கேள்வி கேக்கிறதுக்குத்தான்.

அவ சீலைத் தலைப்பாலை கண்ணைத் துடைச்சுக்கொண்டு சிரிச்சா.

"கேட்டியளே அண்ணை? 'என்ன பெருமை' எண்டு கேட்டவர்! இவ்வளவு நாளும் ஒரு சொல்லுக்கு மேலை வரேல்லை."

நான் கோப்பையை வைச்சன்.

"நீங்களெல்லாரும் வந்து ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டுப் போவியள். ஓமெண்டு சொன்னால் அவர் ஏன் கதைக்க வேணும்? கோவம் வந்தால்தானே சொல்லும் வருது. எனக்கு மட்டும் இந்தக் குப்பைப் படம் பிடிக்குமே? முதல் பாகத்துக்குத் தியேட்டர் இருட்டுக்கை இருந்து நான் அழுத அழுகை அவருக்கே தெரியாது. சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. தெரிஞ்சால் கோவம் வராது. கோவம் வராட்டில் பேச்சும் வராது."

எனக்கு வெக்கமாப் போச்சு. "சத்தியமாச் சொல்லமாட்டன் தங்கச்சி" எண்டன்.

வெளிக்கிடேக்கை வேணுமெண்டே சத்தமாச் சொன்னன்: "மச்சான், அடுத்த கிழமை மூண்டாம் பாகம் கொண்டுவாறன். அது இதைவிடத் திறமாம்!"

"கொண்டு... வந்தால்... காலை... முறிப்பன்!"

குசினிக்குள்ளை ராசமலர் சிரிக்கிறது கேட்டுது.

வாசலிலை நிண்டு சப்பாத்துப் போட்டன். பரமநாதன் வழியனுப்ப வந்தான். குசினிப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்திட்டு, என்ரை கையைப் பிடிச்சான்.

"மச்சான்... அவள்... முதல் பாகத்துக்கு... அழுதவள். இருட்டெண்டாலும்... நான்... கண்டனான்."

சொல்லைத் தேடிக்கொண்டு நிண்டான். இந்தமுறை நான் தலையாட்டேல்லை. பொறுத்து நிண்டன்.

"நான்... கோவிச்சால்... அவளுக்கு... எவ்வளவு சந்தோசம்! நான்... நடிக்கிறனெண்டு... சொல்லிப்போடாதை."