மணையேறிய கம்ப்யூட்டர்

சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், குணசீலன் இனி மச்சினனிடம் தோற்கமாட்டான். துப்பாக்கி விளையாட்டில் இதுவரை தோற்றதெல்லாம் பழைய கம்ப்யூட்டரின் குற்றம். புதியதை உதிரி உதிரியாக வாங்கித் தானே பூட்டப்போகிறான். கையிலிருந்த அளவான காசுதான் அவனை உட்காரவிடவில்லை. ராம் மெமரியைக் கூட்டினால் கிராபிக்ஸ் கார்டின் தரம் இறங்கியது. கார்டைக் கூட்டினால் மற்றதெல்லாம் இறங்கியது. சோற்றைப் பிசைந்தபடியே மாற்றி மாற்றிப் பார்த்தவன், கடைசியில் வெளிப்பெட்டியே வேண்டாமென்று, வாங்கிவந்த பாகங்களை ஒரு பலகையில் திருகினான்.

“ஐயோ, அது நம்ம கல்யாண மணைங்க!” என்றாள் மனைவி.

“பேசாம இரு. இன்னிக்கு உன் தம்பி காலி.”

பக்கத்து அறையிலிருந்து தம்பி குரல் கொடுத்தான். “டீ ஆறுது மாமா. சீக்கிரம் வந்து செத்துட்டுப் போங்க.”

ஆட்டம் தொடங்கியது. குண்டு தன் நெற்றியை நோக்கி வருவது குணசீலனுக்கு இம்முறை மிகத் தெளிவாகத் தெரிந்தது.