முடிவு புரியாதவள்

கடைசிப் பக்கத்தை நான்காவது தடவையாகப் படித்துவிட்டுத் தையற்காரம்மா புத்தகத்தை மூடினாள். சந்தேகமே இல்லை. கோளாறு தன் மண்டையில்தான்.

நூலக மாடியில் வாசகர் வட்டம் கூடியிருந்தது. நீள மேசையைச் சுற்றிப் பத்துப் பேர், ஆளுக்கொரு 'நீர் ஏறும் வீடு'. நாவல் அடுத்த வாரம்தான் கடைக்கு வருகிறது. வட்டத்தின் கருத்துகளை விளம்பரத்தில் போடலாமென்று பதிப்பகம் பத்துப் பிரதிகளை முன்கூட்டியே அனுப்பி வைத்திருந்தது.

தையற்காரம்மா வட்டத்துக்குப் புதுசு. அவளிடம் துணி தைக்கக் கொடுக்கும் வங்கி மேனேஜரம்மாதான் போன மாதம் கையைப் பிடித்து இழுத்து வந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவளுக்கு, இத்தனை படித்தவர்கள் நடுவில் ஒரு நாற்காலி கிடைத்ததே பெரிய விஷயம். அசட்டுத்தனமாக எதையாவது உளறி அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அவள் கவலை.

கதை என்னவோ சின்னதுதான். தெற்கே ஒரு சதுப்பு நிலம், அதன் நடுவில் ஒரு பழைய வீடு. சதுப்பில் முழுகிப் போனவர்கள், தண்ணீர் வாசற்படி ஏறி வரும் நாளில் கூடவே திரும்பி வருவார்களாம். செத்துப்போன அக்காவுக்காக ஒரு தங்கை விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கிறாள். முந்நூற்று நான்கு பக்கத்தில் தண்ணீர் ஏறியது மொத்தம் மூன்று படி.

அந்த மூன்று படியையும் தையற்காரம்மா ரசித்து ரசித்துப் படித்தாள். மிஷினை மிதித்துக்கொண்டே படித்ததில் ஒரு சட்டைக்கு இரண்டும் இடது கையாகவே வைத்துத் தைத்துவிட்டாள். கடைசியில் கதவு தட்டப்படுகிறது. தங்கை தாழ்ப்பாளை நீக்குகிறாள். 'வாசலில் நின்றது' என்பதோடு சரி, அவ்வளவுதான் நாவல். நின்றது யார் என்று தெரியாமல் மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நின்னு நிதானமா எரியற நாவல் இது. அவசரக்காரங்களுக்கு ஆகாது. ஆனா அந்தக் கடைசி அத்தியாயம் இருக்கே, அப்பப்பா! சேர்த்து வெச்ச இருட்டு மொத்தமும் அங்கதான் வெடிக்குது."

"நான் அழுதுட்டேன் சார்," என்றார் பல் டாக்டர். "அதுவும் அந்தக் கடைசி வரி! மனுஷன் எப்படித்தான் யோசிச்சாரோ!"

"அக்காவும் தங்கச்சியும் கட்டிப் பிடிச்சுக்கற எடத்துல எனக்குப் புல்லரிச்சிடுச்சு," என்றார் மேனேஜரம்மா.

தையற்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிப் பிடிக்கிறார்களா? எங்கே? மேசைக்கடியில் புத்தகத்தைப் பிரித்து ஐந்தாவது தடவையாகப் பார்த்தாள். அதே கதவு, அதே வாசல். எழுதாததையும் படிக்கத் தெரியணும் என்று போன கூட்டத்தில் பேராசிரியர் சொல்லியிருந்தார். அந்த வித்தை தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆள் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"சார், ஒரு விஷயம்..."

"கூட்டம் நடக்குதுல்ல? உக்காருங்க. எதுவானாலும் கடைசில."

அவர் கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் அந்தத் தண்ணி வடிஞ்சு போற காட்சி..." என்று டாக்டர் இழுத்தார்.

"அது குறியீடு," என்றார் பேராசிரியர். எல்லாரும் தலையாட்டினார்கள். ஸ்டூல்காரர் மறுபடி வாயெடுத்தார். பேராசிரியர் கையைக் காட்டி அமர்த்திவிட்டுத் தையற்காரம்மா பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

'நல்லா இருந்துச்சு' என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். ஆனால் மூன்று நாள் ஆதங்கம் முந்திக்கொண்டது.

"எனக்கு ரொம்பப் பிடிச்சுது சார். ஆனா வாசல்ல நின்னது யாருன்னுதான் தெரியல. அக்கா வந்தாளா இல்லையா? உங்க எல்லாருக்கும் புரிஞ்சிருக்கு. எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

டாக்டர் தன் பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். கூட்டி வந்த பாவத்துக்கு மேனேஜரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பில்லம்மா," என்றார் பேராசிரியர், குழந்தையிடம் பேசுவது போல. "இந்த மாதிரி எழுத்துக்குக் கொஞ்சம் பயிற்சி வேணும். அடுத்த மாசம் உங்களுக்கு லேசா ஏதாவது பாத்துத் தர்றோம்."

அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. தைக்கிற கைக்கு இதெல்லாம் தேவையா என்று தன்மேலேயே கோபம் வந்தது. புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் கெளம்பறேன் சார். இனிமே என்னைக் கூப்பிடாதீங்க."

கதவருகே ஸ்டூல்காரர் எழுந்து வழி மறித்தார். "போகாதீங்கம்மா, ஒரு நிமிஷம்," என்றவர் அட்டைப்பெட்டியைப் பிரித்தார். உள்ளேயிருந்து ஒரு 'நீர் ஏறும் வீடு' எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"யாருங்க நீங்க?" என்றார் பேராசிரியர் எரிச்சலோடு.

"அச்சகத்து பைண்டர் சார். என் தப்புதான், காலைலதான் கவனிச்சேன். நீங்க வெச்சிருக்கற பத்துப் புத்தகத்துலயும் கடைசிப் பதினாறு பக்கம் கிடையாது."