மூன்று மாரி தாங்கிய செடி

அஜித்தாவின் கார் டிக்கி திறந்து கிடந்தது. உள்ளே, ஈரமண் ஒட்டிய மண்வெட்டி. பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவளுக்கு மண்வெட்டி என்னத்துக்கு?

ஹீத்ரோ விமானநிலையத்தில் விடியற்காலை ஷிப்ட் முடித்து வந்த செல்வமலர், போட்ட சப்பாத்தோடு வீட்டுப் பின்பக்கம் ஓடினாள். நல்லகாலம், லவெண்டர்ச் செடி நின்றது.

அவள் புருஷன் பாலேந்திரா கண்மூடுவதற்கு இரண்டு கிழமை முன்பு நட்ட செடி அது. வெள்ளி பூசினாற்போல இலை. "மூண்டு மாரிக்குளிர் தாங்கிப்போட்டுது. மனிசன் லேசில என்னை விட்டுப் போகமாட்டார்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவாள்.

ஆனால் கோடையில் புதராய்ப் பரந்த செடி, ஒவ்வொரு பங்குனியிலும் ஒரு சாணாய்ச் சிறுத்து நின்றது. ஆரோ கை வைக்கிறார்கள். மேலறையில் வாடகைக்கு இருக்கும் இந்தப் பெட்டை அஜித்தாவை விட்டால் வீட்டில் வேறு ஆர்?

முதல் மாரியிலிருந்தே அவள் பாடுகிற பாட்டு ஒன்றுதான். "தண்ணி ஊத்தாதேங்கோ அக்கா. இது குளிருக்குச் சாகாது, ஈரத்துக்குத்தான் அழுகும்."

ஊரில் வெங்காயத் தோட்டத்துக்கு இறைத்து இறைத்துக் காய்த்துப்போன கைக்குப் பாடமா? பட்டினி போட்டே கொல்லப் பார்க்கிறாள் என்று, செல்வமலர் இன்னும் ஒரு வாளி கூட ஊற்றினாள். செடியைச் சுற்றி அஜித்தா பரப்பிய சல்லிக்கல்லையும் வழித்து எறிந்தாள்.

படியிறங்கி வந்த அஜித்தா, அவளைக் கண்டதும் திகைத்து நின்றாள்.

"இண்டைக்கு நேரத்தோட வந்திட்டியள் அக்கா..."

"ஏன், வரக்கூடாதோ? மண்வெட்டி என்னத்துக்கடி?"

அஜித்தா கார்ச் சாவியைக் கைக்குள் பொத்தினாள்.

"அந்த மனிசன்ர கைபட்டு மிஞ்சினது இது ஒண்டுதான். அதையும் வெட்டித் துலைக்கப் பாக்கிறியோ? இந்த மாதத்தோட அறையை விடு!"

"நான் வெட்டேல்லை அக்கா."

"அப்ப என்ன செய்தனீ? அம்மாவாணைச் சொல்லு!"

அஜித்தா செடியைப் பார்த்தாள். அதன் அருகே கிடந்த செல்வமலரின் வாளியைப் பார்த்தாள்.

"அம்மாவாணை அக்கா, அழுக அழுக மாத்தி நட்டனான். இது நாலாவது செடி."