கடைசியாகச் சொன்னது

சோதனைச் சாவடி வாசலில் நினைவு நாள் கூட்டம். மேலதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"கடத்தல்காரங்களை மடக்கப் போற நேரத்துல, மனைவிக்கு போன் பண்ணி நம்ம அதிகாரி கடைசியா என்ன சொன்னார் தெரியுமா? 'என் உயிரே போனாலும் எல்லையை விட மாட்டேன்!'"

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் இருந்த அந்த மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷா வருஷம் இதே புளுகு.

"அத்தை, அவர் அப்படிச் சொல்லவே இல்லைன்னு இன்னைக்கு மேடையிலேயே போட்டு உடைக்கப் போறேன்."

பக்கத்தில் இருந்த மாமியார் சட்டென்று அவள் கையைப் பிடித்தார்.

நினைவுப் பரிசை வாங்கியவள் மைக் முன்னால் நின்றாள். கீழே மாமியாரின் முகம் வெளிறிப் போயிருந்தது. பெற்றவளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பெருமையைப் பிடுங்க மனம் வரவில்லை.

"ஆமாம், அப்படித்தான் சொன்னார்," என்று இறங்கிவிட்டாள்.

வண்டியில் ஏறியதும் வெடித்தாள். "உங்களுக்காகத்தான் ஆமாம் போட்டேன். எவன் கட்டிவிட்ட கதையோ!"

"நான்தாம்மா."

"நீங்களா?"

"கடைசியா என்ன பேசினான்னு விசாரிக்க வந்தாங்க. நீ மயங்கிக் கிடந்தே. 'இனிமே வீட்டுப் பக்கமே வராதீங்க'ன்னு நீ போன்ல கத்தினது பக்கத்து அறையில எனக்குக் கேட்டுச்சு. ஒழுகற குழாய்க்கு வந்த சண்டை, எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். ஆனா ஊர் வாய் சும்மா இருக்குமா? அதான் வாய்க்கு வந்ததைச் சொல்லி வச்சேன்."

அந்த வார்த்தை தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். மாமியாரின் மடியில் முகம் புதைத்து, முதல் முறையாக வாய்விட்டு அழுதாள்.